செவ்வாய்க்கிழமைத் திறப்பு

இரத்தத்தில் இரும்பு சரியாம்.
தைரொயிட் சரியாம்.
புர்க்டோர்ஃப் டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
ஒரு சின்னக் கொப்பி வாங்கச் சொன்னார்:
படுக்க முன்னம் எழுதவேணும்,
அன்றைய நாளில் நல்லது மூன்று.
குளிசை தந்திருந்தால்
பேசாமல் விழுங்கியிருப்பேன்.

முதல் இரவு
‘பால் பொங்கி வழியவில்லை’ என்று எழுதினேன்.
இது நல்லது நடந்ததா,
கெட்டது நடக்காததா?
அதோடு பேனை நின்றுவிட்டது.
இரண்டாம் இரவு திகதி மட்டும்.
பிறகு பார்த்தால்
மகள் அதில் பின்னக்கணக்குப் போட்டிருந்தாள்.
கிழிக்கவில்லை;
விடை சரியாகத்தான் இருந்தது.

எனக்கு வேலை முதியோர் இல்லத்துச் சமையலறையில்.
நூற்றிப் பன்னிரண்டு தட்டு, மூன்று வேளை.
கழுவியது அழுக்காய்த் திரும்பும்,
அழுக்கானது கழுவிப் போகும்.
ஒரு தட்டில் மட்டும்
பட்டாணிகள் ஓரமாய் வரிசை கட்டி நிற்கும்;
யாருடையது என்று நான் கேட்டதில்லை.
இந்தச் சுற்றை எந்த இடத்தில் நிறுத்தி
‘இதுதான் என் வாழ்க்கை’ என்று கைகாட்டுவது?

எங்கள் கட்டிடத்தில் பதினொரு வீடு,
ஒரே ஒரு சலவை இயந்திரம்.
இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய் எனக்கு.
நிலக்கீழ் அறையின் திறப்பை
முதல்நாள் இரவு மேல்வீட்டுப் பெஸ்னிக் கொண்டு வருவான்.
தரைக்கு ஓடு பதிக்கிறவன்,
நகக்கண் எல்லாம் சீமெந்து.
வணக்கம் ஒரு சொல், நன்றி ஒரு சொல்,
ஏழு வருடமாய் அவ்வளவுதான் எங்கள் கதை.
புதன்கிழமைக்காரிக்கு
இரவு ஏழுக்கு முன் நான் கொடுக்கவேணும்,
ரப்பர் விளிம்பைத் துடைத்து,
வடிகட்டியில் பஞ்சைக் கிள்ளி எடுத்து.
சுவரில் ஒன்பது விதி ஒட்டியிருக்கிறது.
ஒன்பதும் எனக்குப் பாடம்.

மாசியில் ஒரு செவ்வாய்.
வெளியே எம்மெ ஆற்றின் கரையோரம்
கண்ணாடித் துண்டாய் உறைந்து கிடந்தது.
நான் தோய்க்கவில்லை.
உடுப்புக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து
இயந்திரத்தின் வட்டக் கதவுக்குள்
இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அழுகையும் வரவில்லை.
வராத அழுகையை
எந்த டொக்டரிடம் முறையிடுவது?

எழும்பும்போது தலையில் ஏதோ தட்டியது.
கொடியின் கடைசிக் கம்பியில்
மகளின் ஒற்றைக் காலுறை.
ஐப்பசியில் தொலைந்தது.
மஞ்சள் நிறம், குதிக்காலில் ஒரு நரி.
விறைத்துத் தூசி படிந்திருந்தது.
யாரோ இரண்டு கிளிப் போட்டிருந்தார்கள்.
ஒன்றே போதும் அதற்கு.

நானும்தான் எட்டுச் செவ்வாய்
அதன் கீழே குனிந்து போய் வந்திருக்கிறேன்.

அத்தனை மாதமும்
பதினொரு வீட்டு விரிப்புகளும் பெனியன்களும்
அந்த ஒரு சாண் மஞ்சளுக்கு
இடம் விட்டுக் காய்ந்திருக்கின்றன.
ஒருவரும் அதைக் குப்பையில் போடவில்லை.
ஒருவரும் என் கதவைத் தட்டி
இதை ஒரு உதவியாக்கவும் இல்லை.

நேரம் நாலரை.
ஒரு சுற்றுக்குத்தான் போதும்.
வெள்ளையையும் நிறத்தையும் ஒன்றாய்ப் போட்டேன்
(விதி நான்குக்கு விரோதம்).
தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது.
வடிகட்டியில் பெஸ்னிக்கின் வெள்ளைத் தூசு;
வழக்கமாய்த் திட்டிக்கொண்டே துடைப்பேன்.
அன்று, அது எந்த வீட்டுக் குளியலறைத் தரையோ,
யார் வெறுங்காலோடு நிற்கிறார்களோ என்று
விரலில் வைத்துக் கொஞ்சம் பார்த்தேன்.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்க
திறப்பைக் கொடுத்தேன்.
பூட்டுவதும் அதனால்தான்.
ஆனாலும் நாங்கள்
திறப்பு என்றுதான் சொல்லுகிறோம்.

மற்றக் காலுறையை
மார்கழியிலேயே எறிந்துவிட்டேன்.
மகள் நரியை ஒரு நீலத்தோடு சோடி சேர்த்து
இதுதான் இப்போது ஸ்டைல் என்றாள்.

இரவு கொப்பியில்,
பின்னக்கணக்கின் கீழே,
‘வடிகட்டி துடைத்தேன்’ என்று எழுதினேன்.
இரண்டாவதை யோசிக்கும்போதே நித்திரை.

விடியப் பார்த்தால்
மூடாத பேனை, வெள்ளை விரிப்பில்
உள்ளங்கை அளவு மை கக்கியிருக்கிறது.
அடுத்த செவ்வாய்க்கு
இன்னும் பதின்மூன்று நாள்.